பேட்டன்ட் கேஸ் எங்க நிக்குதுன்னு நாமளே பாக்குறது எப்படி: சேலத்துல இருந்தே செய்யலாம், முழு விவரம்

செவ்வாப்பேட்டைல கொலுசுப் பட்டறை வெச்சிருக்கவங்க, ஆத்தூர் பக்கம் சேகோ ஃபேக்டரிக்கு கிழங்கு தோல் உரிக்கிற மெஷின் அடிச்சுக் குடுக்குறவங்க, ஏற்காட்டுல காபி பல்ப்பர் ரிப்பேர் பாத்துப் பாத்து அப்படியே சொந்தமா ஒண்ணு செஞ்சு விக்க ஆரம்பிச்சவங்க, இவங்க ஃபோனுக்கு என்னைக்காவது ஒரு நாள் இப்படி ஒரு மெசேஜ் வரும்: "இந்த மெஷினுக்கு எங்ககிட்ட பேட்டன்ட் இருக்கு, கோர்ட்டு தடையும் இருக்கு, யாரும் செய்யக்கூடாது, வாங்கக்கூடாது". கூடவே வக்கீல் லெட்டர்பேட்ல ஒரு ஃபோட்டோ. (பேட்டன்ட்னா காப்புரிமை, ஒரு கண்டுபிடிப்ப மத்தவங்க செய்யாம, விக்காம தடுக்கற உரிமை.) அதைப் பாத்துட்டு அட்வான்ஸ் வாங்கின ஆர்டர திருப்பிக் குடுத்தவங்களும் இருக்காங்க, எதையும் விசாரிக்காம பணத்தக் கட்டி செட்டில் பண்ணிட்டு வந்தவங்களும் இருக்காங்க. எனக்கு இதுல ரொம்ப வருத்தம் என்னன்னா, உண்மைலயே தடை இருக்கா இல்லையான்னு வீட்ல உக்காந்து ஃபோன்லயே பாத்துடலாம், காசே ஆகாது. அந்த வழி தெரியாததாலதான் பயப்படறாங்க.

மொதல்ல மூணு விஷயத்த பிரிச்சுக்கங்க. வக்கீல் நோட்டீஸ் வேற, கேஸ் வேற, கோர்ட்டு ஆர்டர் வேற. நோட்டீஸ் யாரு வேணா யாருக்கு வேணா அனுப்பலாம். கேஸ் போட்டுட்டாலும் தடை வந்துடாது. தடை ஆர்டர்னு ஒண்ணு வந்தாலும் அது யாருக்கு, எதுக்கு, எது வரைக்கும்னு அந்த ஆர்டர்ல எழுதியிருக்கும். நாலாவதா ஒண்ணும் இருக்கு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல இருந்து சமரசத்துக்கு வரச்சொல்லி கடிதம் வரும். கமர்ஷியல் கேஸ்ல, அதாவது வியாபாரத் தகராறு கேஸ்ல (பேட்டன்ட் கேஸும் இதுல சேரும்), உடனடியா இடைக்காலத் தடை எதுவும் கேக்கலன்னா, கேஸ் போடறதுக்கு முன்னாடியே சமரசப் பேச்சு நடத்தியாகணும்னு கமர்ஷியல் கோர்ட்ஸ் சட்டத்துல 12ஏ பிரிவு சொல்லுது. அந்தக் கடிதம் வந்தா கேஸ் இன்னும் ஃபைல் ஆகலன்னு அர்த்தம், ஆனா கண்டுக்காம விட்டுடாதீங்க, நீங்க போகலன்னா சமரசம் நடக்கலன்னு எழுதி முடிச்சுடுவாங்க, அடுத்து கேஸ்தான்.

முதல் படி: கேஸ தேடாதீங்க, பேட்டன்ட்ட தேடுங்க

மெசேஜ்லயோ நோட்டீஸ்லயோ ஒரு நம்பர் இருக்கணும். இல்லன்னா அனுப்பினவங்ககிட்டயே எழுத்துல கேளுங்க, நம்பர் குடுக்க முடியாதவங்க பேச்சுக்கு பெருசா மதிப்பு குடுக்கத் தேவையில்ல. நம்பர் கிடைச்சா எத்தன இலக்கம்னு எண்ணுங்க. 12 இலக்கமா இருந்தா அது விண்ணப்ப நம்பர், முதல் நாலு இலக்கம் வருஷம், அஞ்சாவது 4-ஆ இருந்தா சென்னை பேட்டன்ட் ஆபீஸ். ஆறு இலக்கமா இருந்தா அது குடுத்து முடிச்ச பேட்டன்ட்டோட நம்பர். இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம், ஏன்னா விண்ணப்பம் மட்டும் போட்டு வெச்சிருக்கவங்க "பேட்டன்ட் பெண்டிங்"னு மெஷின் மேல ஸ்டிக்கர் ஒட்டலாமே தவிர, பேட்டன்ட் கைக்கு வராம மீறல் கேஸ் போட முடியாது. பேட்டன்ட் சட்டத்துல 11ஏ பிரிவுல தெளிவா இருக்கு. ஆனா பின்னால பேட்டன்ட் கிடைச்சுட்டா, விண்ணப்பம் பப்ளிஷ் ஆன தேதில இருந்தே நஷ்டஈடு கேக்க வழி இருக்கு, அதனால இப்போதைக்குத் தப்பிச்சோம்னு விட்டுடவும் முடியாது.

இந்திய பேட்டன்ட் ஆபீஸ் வெப்சைட்ல இன்பாஸ்னு ஒரு தேடல் பக்கம் இருக்கு, லாகின் வேண்டாம், கேப்ச்சா மட்டும் போட்டாப் போதும். நம்பர போட்டு உள்ள போனா ஈ-ரெஜிஸ்டர் தெரியும். அங்க பேட்டன்ட் உயிரோட இருக்கா, அடுத்த புதுப்பிப்புக் கட்டணம் எப்ப கட்டணும், யார் பேர்ல இருக்கு எல்லாம் வரும். ஃபைல் பண்ணின தேதில இருந்து 20 வருஷந்தான் ஆயுசு, அதுவும் வருஷா வருஷம் கட்டணம் கட்டிட்டே வந்தாத்தான். கட்டாம செத்துப்போன பேட்டன்ட்ட வெச்சு மிரட்டறது நடக்கிற விஷயந்தான். ஆனா செத்த தேதில இருந்து 18 மாசத்துக்குள்ள மறுபடி உயிர் குடுக்கச் சொல்லி விண்ணப்பிக்க சட்டம் இடம் குடுக்குது, அதனால அந்தத் தேதியையும் குறிச்சு வெச்சுக்கங்க.

அதே பக்கத்துல டாக்குமென்ட்ஸ் பாக்குற பட்டன் இருக்கும். பேட்டன்ட் ஆபீஸ் என்ன ஆட்சேபணை கேட்டுச்சு, இவங்க என்ன பதில் சொன்னாங்க, எல்லாமே பிடிஎஃப்பா கிடக்கும். அதுல கம்ப்ளீட் ஸ்பெசிஃபிகேஷன, அதாவது கண்டுபிடிப்போட முழு விவர ஆவணத்த திறந்து கடைசிப் பக்கங்களுக்குப் போங்க, "கிளைம்ஸ்"னு, எதுக்கெல்லாம் உரிமை கேக்கறாங்கன்னு நம்பர் போட்டு வரிசையா இருக்கும். முதல் கிளைம நிதானமா படிங்க, ஒரே வாக்கியம் அரைப்பக்கம் ஓடும், அதுல வர்ற ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியா ஒரு பேப்பர்ல எழுதி, உங்க மெஷின்ல அது இருக்கா இல்லையான்னு பக்கத்துலயே டிக் போடுங்க. தோல் உரிக்கிற ட்ரம், தண்ணி பீச்சுற பைப், அந்த பைப் ட்ரம்முக்குள்ள சுத்துற மாதிரி அமைப்புன்னு மூணு சொல்லியிருந்து, உங்க மெஷின்ல பைப் வெளில அசையாம நின்னா, அதுதான் வக்கீல்கிட்ட நீங்க மொதல்ல காட்ட வேண்டிய இடம். தலைப்பையும் சுருக்கத்தையும் படிச்சுட்டு முடிவு பண்ணாதீங்க, தலைப்பு எப்பவுமே ஊரையே வளைச்சுப் போட்ட மாதிரிதான் இருக்கும், உரிமை கிளைம்ல சொன்ன அளவுக்குத்தான்.

பேட்டன்ட் குடுத்தத பப்ளிஷ் பண்ணின தேதில இருந்து ஒரு வருஷம் ஆகலன்னா, அந்தத் தொழில்ல இருக்கற யாரும் பேட்டன்ட் ஆபீஸ்லயே எதிர்ப்பு மனு போடலாம். ஏற்கெனவே யாராவது போட்டிருந்தா அதுவும் அந்த ஃபைல்லயே தெரியும்.

ரெண்டாவது: எந்தக் கோர்ட்டு

பேட்டன்ட் மீறல் கேஸ் மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழ எங்கயும் போட முடியாது. நம்மள பொறுத்தவரைக்கும் அஸ்தம்பட்டி கோர்ட் வளாகம், இல்லன்னா நேரா சென்னை ஹைகோர்ட். பட்டறை சேலத்துல இருந்தாலும், சென்னைல ஒரு டீலர் மூலமா வித்திருந்தா அதையே காரணமா காட்டி அங்கயே போடப் பாப்பாங்க. பெரிய கம்பெனிங்க டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போறது நிறைய, அதனால மூணு இடத்துலயும் தேடுங்க.

ஒரு சங்கதி தெரிஞ்சுக்கங்க. சேலத்துல போட்ட கேஸ்ல பிரதிவாதி "இந்தப் பேட்டன்ட்டே செல்லாது, ரத்து பண்ணுங்க"ன்னு எதிர்க் கோரிக்கை வெச்சா, பேட்டன்ட் சட்டம் 104-ம் பிரிவுப்படி முழுக் கேஸும் ஹைகோர்ட்டுக்கு மாறிடும். அப்ப சேலம் கோர்ட் பக்கத்துல அந்தக் கேஸ் முடிஞ்ச மாதிரி காட்டும். "கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு"ன்னு ஒரு கோஷ்டி கிளப்பி விடும், ஆனா கேஸ் சென்னைல புது நம்பரோட ஓடிட்டு இருக்கும். டிஸ்போஸ்டுன்னு பாத்ததும் நிம்மதி ஆயிடாதீங்க, எப்படி முடிஞ்சுதுன்னு அந்தக் கடைசி ஆர்டர படிங்க.

மூணாவது: தேடறது

ஈகோர்ட்ஸ் சர்வீசஸ்னு வெப்சைட்டும் இருக்கு, ஃபோன் ஆப்பும் இருக்கு. மாவட்டக் கோர்ட்டுக்குத் தமிழ்நாடு, சேலம், அப்புறம் கோர்ட் வளாகம்னு தேர்ந்தெடுக்கணும். ஹைகோர்ட்டுக்குத் தனிப் பக்கம், அதுல மெட்ராஸ் ஹைகோர்ட், சென்னை பெஞ்ச். நம்பர் தெரியலன்னா பார்ட்டி பேர் போட்டுத் தேடுங்க, குறைஞ்சது மூணு எழுத்து வேணும், வருஷமும் போட்டே ஆகணும், அதனால இந்த வருஷம் கிடைக்கலன்னா முந்தின வருஷங்களையும் ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க. பெண்டிங், டிஸ்போஸ்டு ரெண்டும் சேர்ந்து வர்ற மாதிரி வெச்சுக்கங்க. பேர முழுசா அடிக்காதீங்க. ஸ்ரீ, சிறீ, திருவாளர், அண்ட் கோ, இனிஷியல் இதெல்லாம் ஒவ்வொரு கேஸ்லயும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், நடுவுல இருக்கற தனிச்ச சொல்ல மட்டும் போட்டா மாட்டும். எதிராளி பேரையும் போடுங்க, உங்க பேரையும் போடுங்க, ரெண்டாவதுதான் நிறைய பேர் மறந்துடறது.

கேஸ் கிடைச்சதும் மொதல்ல எழுதி வெக்க வேண்டியது சிஎன்ஆர் நம்பர், 16 எழுத்தும் எண்ணும் கலந்தது. கேஸ் நம்பர் மாதிரி இதுல குழப்பமே வராது, அந்தக் கேஸுக்கு மட்டும்னே இருக்கற நம்பர். ஆப்ல இத ஒரு தடவ போட்டு "மை கேசஸ்"ல சேத்துட்டீங்கன்னா அடுத்த வாய்தா எப்பன்னு அதுவே வரிசையா காட்டும்.

சென்னை ஹைகோர்ட்ல 2023-ல இருந்து அறிவுசார் சொத்துக்குன்னே (பேட்டன்ட், டிரேட்மார்க் மாதிரி) தனிப் பிரிவு நடக்குது. சி.எஸ். காம் டிவ்னு இருந்தா ஒரிஜினல் கேஸ், அதாவது மீறல் வழக்கு. ஓ.ஏ.ன்னா அந்தக் கேஸுக்குள்ள தடை கேட்டுப் போட்ட மனு. சி.எம்.ஏ. பி.டி.ன்னா பேட்டன்ட் ஆபீஸ் முடிவ எதிர்த்து வந்த மேல்முறையீடு. ஓ.எஸ்.ஏ.ன்னா ஒற்றை நீதிபதி ஆர்டர எதிர்த்து டிவிஷன் பெஞ்சுக்கு, அதாவது ரெண்டு நீதிபதி அமர்வுக்குப் போனது. முன்னாடி டி-ன்னு அடைப்புல இருந்தா, 2021-ல கலைச்ச ஐபிஏபிங்கற அறிவுசார் சொத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துல இருந்து மாத்தி வந்த பழைய கேஸ். நமக்கு அவசரமா பாக்க வேண்டியது ஓ.ஏ.தான், தடை இருந்தா அங்கதான் இருக்கும்.

நாலாவது: ஆர்டர படிக்கிறது (இங்கதான் பொறுமை வேணும்)

கேஸ் பக்கத்துல கீழ ஹியரிங் ஹிஸ்டரின்னு ஒரு அட்டவணை வரும். ஒவ்வொரு தேதியையும் தட்டினா அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு ரெண்டு வரில இருக்கும். அதுக்கும் கீழ ஆர்டர்ஸ், அதுல பிடிஎஃப். அட்டவணைல "இன்டரிம் ஆர்டர்"னு ஒரு வார்த்தை இருந்தா அதை வெச்சே முடிவு பண்ணக்கூடாது, பிடிஎஃப திறங்க.

திறந்ததும் நாலு இடத்த பென்சில்ல கோடு போட்டுக்கங்க. ஒண்ணு, யாருக்குத் தடை. "பிரதிவாதிகள், அவங்க ஆட்கள், ஏஜென்ட்டுகள், டீலர்கள்"னு இருக்கும். நீங்க பிரதிவாதியும் இல்ல, அவங்ககிட்ட இருந்து சரக்கு வாங்கி விக்கிறவரும் இல்லன்னா அந்த ஆர்டர் உங்க கைய நேரா கட்டாது. ஆனா அதே பேட்டன்ட்ட வெச்சு நாளைக்கு உங்க மேலயும் தனியா கேஸ் போடலாம், அதையும் மனசுல வெச்சுக்கங்க. ரெண்டு, எந்தப் பேட்டன்ட், எந்த மாடல். மூணு, எது வரைக்கும். ஒரு குறிப்பிட்ட தேதி வரைக்கும்னு இருந்தா, அந்தத் தேதில நடந்த ஹியரிங்ல நீட்டிச்சாங்களான்னு அடுத்த ஆர்டர்ல பாக்கணும், நீட்டிக்கலன்னா தடை அன்னையோட போச்சு. "மறு உத்தரவு வரும் வரை"ன்னு இருந்தா அது நிக்கும். நாலு, எதிர்த் தரப்ப கேட்டுட்டுக் குடுத்ததா, கேக்காமலே குடுத்ததா. கேக்காம குடுத்த தடைய 30 நாளைக்குள்ள விசாரிச்சு முடிக்கப் பாக்கணும்னு சிபிசில, அதாவது சிவில் நடைமுறைச் சட்டத்துல, ஆர்டர் 39 சொல்லுது, நீக்கச் சொல்லி மனு போடவும் வழி இருக்கு, அந்த மனு நம்பரும் அதே பக்கத்துல வரும்.

தடைனு ஒரு வார்த்தை கூட இல்லாம ஒரு வரி கட்டிப்போடறதும் உண்டு. பிரதிவாதி வக்கீல் எழுந்து "அடுத்த வாய்தா வரைக்கும் நாங்க விக்க மாட்டோம்"னு உத்தரவாதம் குடுத்து, நீதிபதி அத பதிவு பண்ணிட்டா, அதுக்கும் தடைக்கு உள்ள அதே பலம் உண்டு. சின்ன ஆர்டர்தானேன்னு தாண்டிப் போயிடாதீங்க.

இன்னொரு பேச்சு ஊர்ல ஓடுது, ஸ்டே குடுத்து ஆறு மாசம் ஆனா தானா போயிடும்னு. 2018-ல சுப்ரீம் கோர்ட்டு, கீழ்க்கோர்ட்டு விசாரணைய நிறுத்தி வெக்கிற ஸ்டே பத்தி அப்படி ஒண்ணு சொன்னது உண்மைதான், ஆனா 2024 பிப்ரவரி 29-ம் தேதி அஞ்சு நீதிபதி பெஞ்ச் அத மாத்திடுச்சு. அந்தப் பழைய பேச்ச நம்பி யாரும் மெஷின் வேலைய ஆரம்பிக்காதீங்க.

ஒரு ஆர்டர மட்டும் பாத்துட்டு நின்னுட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு நம்ம ஹைகோர்ட்லயே நடந்த பஜாஜ், டிவிஎஸ் கேஸ விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. 2007-ல ஓசூர் டிவிஎஸ் ஃபிளேம்னு 125 சிசி பைக்க அறிவிச்சாங்க. ரெண்டு ஸ்பார்க் பிளக் இன்ஜினுக்கு எங்ககிட்ட பேட்டன்ட் இருக்கு, நம்பர் 195904, இது மீறல்னு பஜாஜ் சொன்னாங்க. கோர்ட்ல மொதல்ல கேஸ் போட்டது பஜாஜ் இல்ல, டிவிஎஸ். ஆதாரமில்லாம மிரட்டறாங்கன்னு பேட்டன்ட் சட்டம் 106-ம் பிரிவுல சி.எஸ். 979, 2007-ம் வருஷம். பஜாஜ் போட்ட மீறல் கேஸ் சி.எஸ். 1111, அதே வருஷம். ஒரே சண்டைக்கு ரெண்டு நம்பர், ஒண்ண மட்டும் பாத்தா பாதிக் கதைதான் தெரியும். 2008 பிப்ரவரில ஒற்றை நீதிபதி தடை குடுத்தாங்க. 2009 மே மாசம் டிவிஷன் பெஞ்ச் அந்தத் தடைய நீக்குச்சு. 2009 செப்டம்பர் 16-ல சுப்ரீம் கோர்ட்டு, டிவிஎஸ் விக்கலாம், ஆனா கணக்கு சரியா வெக்கணும், அதப் பாத்துக்க கோர்ட்டு போட்ட ரிசீவர்னு ஒருத்தர் இருப்பாரு, ஒரிஜினல் கேஸ நவம்பர் 30-க்குள்ள முடிங்கன்னு சொல்லுச்சு. கடைசில ரெண்டு கம்பெனியும் சமாதானம் ஆனது 2019-ல. 2008 பிப்ரவரி செய்திய மட்டும் படிச்சவரு டிவிஎஸ் தோத்துடுச்சுன்னே பல வருஷம் சொல்லிட்டு இருந்திருப்பாரு. இடைக்காலத் தடைங்கறது யாரு ஜெயிச்சாங்கங்கற தீர்ப்பு இல்ல. பேட்டன்ட் குடுத்ததாலயே அது செல்லும்னு அரசாங்கம் உத்தரவாதம் குடுக்கலன்னு 13-ம் பிரிவு நாலாவது உட்பிரிவே சொல்லுது.

இங்க அந்த 106-ம் பிரிவ இன்னொரு தடவ சொல்லணும், ஏன்னா நம்ம ஊர் சின்ன பட்டறைக்கு இது பெரிய ஆயுதம். வெறும் மிரட்டலா நோட்டீஸ் விட்டுட்டு, உங்க கஸ்டமருக்கும் அத அனுப்பி வியாபாரத்த கெடுத்தா, நீங்களே கோர்ட்டுக்குப் போய் மிரட்டறத நிறுத்தச் சொல்லலாம், நஷ்டஈடும் கேக்கலாம். எங்களுக்கு பேட்டன்ட் இருக்குன்னு மட்டும் தெரியப்படுத்தினா அது மிரட்டல்ல சேராது, அதனால அவங்க எழுதின வார்த்தை அப்படியே இருக்கற ஸ்க்ரீன்ஷாட்ட அழிக்காம வெச்சுக்கங்க.

அஞ்சாவது: தொடர்ந்து பாக்குறது

எந்தெந்தக் கேஸ் விசாரணைக்கு வருதுன்னு சொல்ற காஸ் லிஸ்ட், முந்தின நாள் சாயங்காலமே ஹைகோர்ட் சைட்ல வரும். அடுத்த வாய்தா தேதி ஆப்ல ஒண்ணு இருக்கும், லிஸ்ட்ல வேற நாள் வந்துடும், அதனால வாய்தா வாரத்துல லிஸ்டையும் பாருங்க. ஆர்டர் சொன்ன அன்னைக்கே பிடிஎஃப் ஏறிடாது, கையெழுத்தாகி வர சில நாள் ஆகலாம். "ரிசர்வ்டு"ன்னு காட்டுச்சுன்னா வாதம் முடிஞ்சு தீர்ப்புக்குக் காத்திருக்குன்னு அர்த்தம், அப்ப வாய்தா தேதியே இருக்காது, கேஸ் காணாமப் போயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க.

தேதி, நம்பர், என்ன நடந்துச்சு, அடுத்து எப்பன்னு நாலு கட்டம் போட்டு ஒரு நோட்டு வெச்சுக்கங்க. கமர்ஷியல் கேஸ்ல சம்மன் கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாள்ல எதிருரை போடணும், கோர்ட்டு அனுமதிச்சா அதிகபட்சம் 120 நாள், அதுக்கு மேல ஒரு நாள் கூட கிடையாது. நீங்களே பிரதிவாதியா இருந்தா அந்த 120-வது நாள நோட்டுல சிவப்புல எழுதிடுங்க. கேஸ் இன்னும் வரல, வரும்னு சந்தேகமா இருக்கு, ஏற்காட்டுல நவம்பர், டிசம்பர்னு காபி பழம் பறிக்கிற சீசனும் நெருங்குதுன்னு வைங்க, அப்ப வக்கீல் மூலமா கேவியட், அதாவது எங்களக் கேக்காம ஆர்டர் போடாதீங்கன்னு முன்கூட்டியே ஒரு மனு, போட்டு வெக்கறது நல்லது. உங்களக் கேக்காம தடை வாங்கறது அப்புறம் கஷ்டம். 90 நாளைக்குத்தான் அது நிக்கும், தாண்டினா மறுபடி போடணும்.

தீர்ப்பு வந்த பழைய கேஸ்கள படிக்க ஈகோர்ட்ஸ்லயே தீர்ப்புத் தேடல் பக்கம் தனியா இருக்கு, இந்தியன் கானூன்ங்கற தளமும் இலவசம். பேட்டன்ட் நம்பர மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடினா அதே பேட்டன்ட்ட வெச்சு வேற யார் மேல கேஸ் போட்டாங்கன்னு சில நேரம் அப்படியே வந்து விழும், இது ரொம்ப உபயோகமான வேல.

ஆறாவது: ஆன்லைன்ல கிடைக்காதது

பிராது, எதிருரை, சாட்சி ஆவணம் இதெல்லாம் நம்ம நாட்டுல ஆன்லைன்ல வெளியாளுக்குக் கிடைக்காது, ஆர்டர் மட்டுந்தான். ஆர்டிஐ போட்டு வாங்கிடலாம்னு சொல்லுவாங்க, 2020 மார்ச்ல குஜராத் ஹைகோர்ட் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு அது முடியாது, அந்தந்தக் கோர்ட்டோட விதிப்படி நகல் மனு போட்டுத்தான் வாங்கணும்னு சொல்லிடுச்சு. வெளியாளா இருந்தா எதுக்கு வேணும்னு காரணம் சொல்லி அஃபிடவிட்டோட கேக்கணும். நீங்க பிரதிவாதியா இருந்தா உங்களுக்கு எல்லாக் காப்பியும் வந்தாகணும், வரலன்னா மொதல் வாய்தாலயே கேளுங்க.

நேர்ல போய் உக்காந்தும் பாக்கலாம், சிவில் கோர்ட் விசாரணை பொதுமக்களுக்குத் திறந்ததுதான். ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ஏறினா விடியக்காலைல சென்ட்ரல், ஹைகோர்ட் இருக்கற பாரிஸ் முனை அங்க இருந்து பக்கத்துலதான். வாதம் பெருசா நடக்கற நாளா பாத்து ஒரு தடவ போய்ட்டு வாங்க, கிளைம்ல எந்த வார்த்தைல சண்டை நடக்குதுன்னு அங்க புரியற மாதிரி பேப்பர்ல புரியாது.

அமெரிக்கா கேஸா இருந்தா

சேலத்துல இருந்து ஏற்றுமதி பண்றவங்களுக்கு இது தேவைப்படும். அங்க ஃபெடரல் கோர்ட் ஆவணம் எல்லாம் பேசர்னு ஒரு தளத்துல இருக்கு, கோர்ட்டு சீல் வெச்சத தவிர பிராது கூட முழுசா படிக்கலாம். பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு டாக்குமென்ட்டுக்கு 3 டாலருக்கு மேல போகாது, மூணு மாசத்துல 30 டாலருக்குள்ள இருந்தா அதையும் தள்ளுபடி பண்ணிடுவாங்க. அதுக்கு முன்னாடி கோர்ட்லிஸனர்ங்கற தளத்துல தேடுங்க, மத்தவங்க ஏற்கெனவே எடுத்தது அங்க இலவசமா கிடக்கும். கேஸ் நம்பர்ல சிவின்னு நடுவுல வந்தா சிவில் கேஸ், அதுக்கு முன்னாடி இருக்கற ரெண்டு இலக்கம் வருஷம். டாக்கெட்ல, அதாவது கேஸ்ல தாக்கலானது எல்லாத்தையும் தேதி வாரியா காட்டுற பட்டியல்ல, ஷெட்யூலிங் ஆர்டர்னு ஒண்ணு வரும், கிளைம் வார்த்தைக்கு அர்த்தம் முடிவு பண்ற மார்க்மேன் ஹியரிங், ட்ரையல்னு எல்லாத் தேதியும் அதுலயே மொத்தமா இருக்கும், அத மட்டும் இறக்கி வெச்சுக்கிட்டாப் போதும். அங்க கேஸ் போடப்பட்டவரு பேட்டன்ட் ஆபீஸ்ல ஐபிஆர்னு மறு ஆய்வு கேக்கணும்னா, பிராது கைக்கு வந்து ஒரு வருஷத்துக்குள்ள கேக்கணும், அதனால டாக்கெட்ல சம்மன் சேர்த்த தேதிய மொதல்ல தேடிக் குறிச்சுட்டு, அந்த வருஷம் முடியறதுக்குள்ள அமெரிக்க பேட்டன்ட் ஆபீஸோட டிரையல் தேடல் பக்கத்துல அதே பேட்டன்ட் நம்பர போட்டுப் பாருங்க. அங்க மனு விழுந்திருந்தா, கோர்ட்டு கேஸ நிறுத்தி வெக்கச் சொல்லி ஒரு மனு டாக்கெட்லயும் வர வாய்ப்பு இருக்கு, அதையும் பாத்துக்கங்க.